ஜன்னல் கட்டிலிலிருந்து கதவு வரை

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பியவனுக்கு என்னென்ன வேலை கிடைக்குமோ, அவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்த்திருக்கிறேன். வண்டிப்பெரியாரில் ஓட்டலில் தட்டுக் கழுவினேன். தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணி அடித்தேன். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போகும் லாரிகளில் கிளீனராக இருந்தேன். எழுபதுகளின் நடுவில் ஒருநாள் வைக்கோல் பாரத்தின் மேலிருந்து விழுந்த ஒருவரை, பாலக்காட்டுக்கும் சித்தூருக்கும் இடையில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் இறக்கினோம். ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. என்னைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் லாரி போய்விட்டிருந்தது. அன்று மாலை சோறு போட்டார்கள். நான் அங்கேயே தங்கிவிட்டேன்.

படுக்க இடம் மாடிப்படிக்குக் கீழே, ஆக்சிஜன் சிலிண்டர்கள் வைக்கும் இடம். பீடி பற்றவைக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு குறை இல்லை. மழைக்காலத்தில்கூட ஒழுகாது.

ஆபரேஷன் தியேட்டரை ஒட்டி நான்கு கட்டில் போட்ட ஓர் அறை இருந்தது. கதவின் மேல்பாதி கண்ணாடி. அதில் சிவப்பு எழுத்தில் இன்டென்சிவ் கேர் என்று எழுதியிருந்தது. பெரிய ஆபரேஷன் ஆனவர்களை முதலில் அங்கேதான் வைப்பார்கள். அங்கே எனக்குக் கிடைத்த வேலை விசித்திரமானது. வயிறு கிழித்துத் தைத்தவர்களை மறுநாளே எழுப்பி நடக்க வைக்க வேண்டும்.

இது சர்ஜனின் ஏற்பாடு. அவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். குள்ளமான மனிதர், மலையாளத்தையும் தமிழையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவார்.

"எடோ, வயறு ஞான் தைச்சு. அது நல்லா இருக்கு. இனி நெஞ்சு நீதான் நோக்கணும். படுத்தே கிடந்தா நெஞ்சில கபம் கெட்டும். பின்னே நிமோனியா வரும். பின்னே ஆளு போகும். மனசிலாயோ?"

மனசிலாயிற்று. மற்றவர்களுக்குத்தான் ஆகவில்லை. ஆபரேஷன் செய்தால் நாற்பத்தெட்டு நாள் அசையாமல் கிடக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். எழுந்தால் தையல் பிரிந்து குடல் வெளியே வந்துவிடும். இதைக் கண்ணால் பார்த்த ஆள் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருந்தார்.

மலையில் இந்தச் சிக்கல் இல்லை. நான் வேலை பார்த்த எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில் ஹெர்னியா ஆபரேஷன் ஆன ஒருவர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதியதும் பழக்கதோஷத்தில் எழுந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேர் கொடுக்கப் போய்விட்டார். கங்காணி பார்த்துத் திருப்பி அனுப்பினார். தையல் எதுவும் பிரியவில்லை. இந்தக் கதையை நான் பாலக்காட்டு நோயாளிகளுக்குச் சொல்வேன். அவர்கள் என்னைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

அந்த அறைக்கு ஒரு நாள் கோவிந்தாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெரிய விவசாயி வந்தார். வயிற்றுப்புண் வெடித்து ஓட்டை விழுந்திருந்தது. டிராக்டர் டிரெய்லரில் மெத்தை போட்டுக் கொண்டுவந்தார்கள். அன்றே ஆபரேஷன். மூக்கில் ஒரு குழாய், கையில் குளுக்கோஸ், வயிற்றின் பக்கவாட்டிலிருந்து இன்னொரு குழாய் கிளம்பிக் கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடி பாட்டிலில் முடிந்தது. அவருக்கு ஜன்னலோரக் கட்டில். கதவிலிருந்து அதுதான் கடைசி.

மறுநாள் காலை நான் போய், "அய்யா, எந்திரிங்க, நாலு எட்டு நடப்போம்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னை அளந்தார். "ஏப்பா, நீ எந்த ஊரு?"

"மலைங்க. பெரியாறுப் பக்கம்."

"அங்கெல்லாம் வவுறு கிழிச்சவன நடக்கத்தான் உடுவாங்களா?"

"ஆமாங்க."

"அப்பறம் ஏன் நீ இங்க வந்துட்ட?"

திரும்பிப் படுக்க முடியாததால் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த கட்டிலில் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர் ஒருவர் இருந்தார். சர்க்கார் ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பித்தப்பையில் கல் எடுத்திருந்தது. மேலதிகாரி சொன்னால் செய்துவிட வேண்டும் என்று பழகியவர், ஆகவே டாக்டர் நடக்கச் சொன்னதும் நடந்தார். நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்துவார். தன் பாட்டிலைக் கோயிலுக்கு எண்ணெய் கொண்டுபோவது மாதிரி கையில் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். ஜன்னல் கட்டிலுக்கு எதிரில் வந்ததும் ஒரு தடவை நிற்பார்.

"ஓய், ஆபரேஷன் ஆனது வயத்துலயா, கால்லயா?"

"வவுத்துலதானுங்க சாமி. ஆனா இந்தக் காலு ரண்டும் அந்த வவுத்துக்குக் கீழதான் மாட்டியிருக்குது."

சர்ஜன் வந்து திட்டினார். சிஸ்டர் கெஞ்சினார். விவசாயி எல்லாவற்றுக்கும் "ஆகட்டுங்க" என்றார், அசையவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே உறவுக்காரர்கள் நாள் முழுவதும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பாஷையில் ஒறம்பரை. ஒவ்வொருவரும் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, உள்ளங்கையைக் கீழே தட்டித் தட்டிக் காட்டினார்கள். படுங்க, படுங்க, அசையாதீங்க.

சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. மூச்சு இழுக்கும்போது உள்ளே கொதிக்கிற கஞ்சியின் சத்தம் கேட்டது. இருமச் சொன்னால் இருமமாட்டார், வலிக்கும். வயிற்றில் தலையணையை அமுக்கிக்கொண்டு இருமலாம் என்று சிஸ்டர் செய்து காட்டினார். "தலகாணியக் கட்டிப் புடிச்சுக்கறதுக்கு நானென்ன பச்சைக் கொழந்தையா?" என்றார்.

சர்ஜன் என்னை வெளியே கூப்பிட்டார். "நாளைக்கும் இங்ஙனே கிடந்தா ஆளு கிட்டாது. எங்ஙனெயாவது எணீப்பிக்கணும்."

எப்படியாவது எழுப்ப வேண்டும். எனக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே யார் வந்தாலும் இவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "வாங்க" என்று உதட்டை அசைப்பார். தலை எத்தனை தூரம் உயர்கிறது என்பது வந்த ஆளைப் பொறுத்தது. பங்காளிக்குக் கொஞ்சம். ஊர்ப் பெரியவருக்கு இன்னும் கொஞ்சம். அவர் மனைவியிடம் கேட்டேன். அந்த அம்மா வராந்தா பெஞ்சில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க பக்கம் அப்படித்தானுங்க தம்பி. வந்தவீங்களுக்கு வாங்கன்னு சொல்லலீன்னா பெரிய கொறையாப் போயிரும். சம்பந்தி வந்தாரு, மாமனாரு வந்தாருன்னா எந்திரிச்சு நின்னுதான் சொல்லோணும்."

"சம்பந்தி இருக்காராம்மா?"

"இருக்கறாரு. பொண்ணக் கொழிஞ்சாம்பாறைல குடுத்திருக்குது."

சம்பந்திக்கு ஆள் போனது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். உள்ளே ஒருவரை மட்டும் விட சர்ஜன் சம்மதித்தார். நான் எல்லாம் தயாராக நின்றேன். பாட்டில் ஒரு கையில், குளுக்கோஸ் தொங்கும் கம்பி இன்னொரு கையில்.

சம்பந்தி உள்ளே கால் வைத்ததும் ஜன்னல் கட்டிலில் நான் எதிர்பார்த்தது நடந்தது. விவசாயி இரண்டு கையையும் ஊன்றி முதுகைத் தூக்கினார். "வாங்க, வாங்க..."

சம்பந்தி கையிலிருந்த கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அட, இருங்க, இருங்க. எந்திரிக்காதீங்க."

"அதெப்படீங்க, நீங்க நிக்க நான் படுத்துட்டு..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, படுங்க." இரண்டு தோளையும் பிடித்து அமுக்கினார்.

அவர் எழ, இவர் அமுக்க, அவர் மறுபடியும் எழ, இவர் மறுபடியும் அமுக்க. விருந்தாளிக்கும் ஒரு முறை உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. எழுந்திருப்பது அவர் கடமை என்றால், எழவிடாமல் தடுப்பது இவர் கடமை. இவருக்கு வயிற்றில் தையல் இல்லை, ஆகவே இவர் ஜெயித்தார். விவசாயி களைத்துப்போய் முன்பைவிட ஆழமாகப் படுக்கையில் புதைந்தார். சம்பந்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம், "பாத்துக்கப்பா, மனுசன் எந்திரிக்கப் பாக்கறாரு. நல்லவேளை நான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கல்பாத்திக்காரர் தன் சுற்றை நிறுத்தி, "மருந்து மாறிப்போச்சாக்கும்" என்றார்.

சிஸ்டர் என் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

பத்து மணி வாக்கில் வராந்தாவில் உயரமான ஒரு மனிதர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் நான்காக மடித்த கனமான துண்டு, கையில் ஒரு குலை செவ்விளநீர். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கதவுக்கு நேரே, நிலைப்படிக்கு ஒரு சாண் தள்ளி, பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி நின்றார். பெஞ்சில் இருந்த அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. முகம் மட்டும் ஒரே அச்சாக இருந்தது. அண்ணன் என்று தெரிந்தது.

நான் கதவைத் திறந்து, "வாங்கய்யா, உள்ள வாங்க" என்றேன். மலையில் லயன் என்கிற வரிசை வீடுகளில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. திறந்திருந்தால் போவோம், மூடியிருந்தால் தள்ளிக்கொண்டு போவோம்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயாருப்பா என்னையக் கூப்புடறதுக்கு?"

"அட்டெண்டருங்க."

"அவரு படுத்திருக்கற எடம் அவரு ஊடு. அவரு கூப்புடட்டும்."

"அவரால வர முடியாதுங்க. ஆபரேஷன்."

"தெரியும். அதுனாலதான் வந்தேன். ஒடம்புக்கு முடியலீன்னா எதிரி ஊட்டுக்கும் போய்த்தான் ஆகோணும். வந்துட்டேன். நின்னுட்டும் இருக்கறேன். மதியத்துக்கு மேல பஸ்ஸு."

அந்த அம்மா எனக்குக் கதையைச் சொன்னார், அண்ணன் காதில் விழும்படியாகவே. அவர் பொள்ளாச்சி ரோட்டில், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். மூத்த மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லோருக்கும் வாங்க சொல்லிக்கொண்டிருந்த விவசாயி, மச்சான் வந்த நேரத்தில் வாய் நிறைய வெற்றிலை போட்டிருந்தார். துப்ப இடமில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டார். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்த மனிதர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். இனி அவரே வாசல்வரைக்கும் நடந்துவந்து, வாய்திறந்து கூப்பிட்டால்தான் உள்ளே கால் வைப்பேன் என்று சொல்லி அனுப்பினார். விவசாயியும், என் வீட்டுக்கு வர நான் காலில் விழ வேண்டுமா என்று இருந்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் தங்கைக்குள் பேச்சு இல்லை.

"ஒரு வெத்தலையில போச்சுங்க தம்பி" என்றார் அந்த அம்மா.

"ரண்டு போட்டிருந்தாரு" என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல்.

நான் உள்ளே போய் விவசாயியிடம் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்தார். மூச்சு இப்போது வாய்வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது.

"எங்க நிக்கறாரு?"

"கதவுக்கு வெளிய."

"உக்காந்தாரா?"

"இல்லீங்க. தண்ணி குடுத்தேன், வாங்கலை."

"வாங்கமாட்டாரு." அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நாஞ் சொன்னேன்னு நீ போய்க் கூப்புடு."

"கூப்பிட்டேன். என்னை நீ யாருன்னாரு."

அப்போது அந்த அம்மா உள்ளே வந்தார். சம்பந்திக்கு மட்டும்தான் அனுமதி, ஆனாலும் சிஸ்டர் தடுக்கவில்லை. கட்டில் பக்கத்தில் நின்று, தட்டில் சோறு வைத்துவிட்டேன் என்று சொல்கிற குரலில் சொன்னார்:

"டாக்டரு எங்கிட்டச் சொல்லீட்டாருங்க. நீங்க எந்திரிக்கலீன்னா பொழைக்கமாட்டீங்களாமா. பொழைக்கறதும் பொழைக்காததும் உங்க இஷ்டம். ஆனா நீங்க போயிட்டா எனக்குன்னு போறதுக்கு எங்கண்ணன் ஊடு ஒண்ணுதான் இருக்குது. அதையும் அடைச்சுப்போட்டுப் போறீங்க. அத மட்டும் தொறந்து வெச்சுட்டு, அப்பறம் எப்படி வேணாலும் படுத்துக்கங்க."

சொல்லிவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

விவசாயி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கல்பாத்திக்காரர் நடையை நிறுத்திவிட்டுத் தன் கட்டிலில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

"ஏப்பா, மலைக்காரா."

"என்னங்கய்யா."

"அந்தப் பாட்டலப் புடி."

எழுப்பி உட்கார வைத்தோம். முகம் வெளுத்து நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. காலைக் கீழே போட்டவர் திடீரென்று நின்றார்.

"இதென்ன சட்டை இது?"

ஆஸ்பத்திரி அங்கி. முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்திருக்கும்.

"இதப் போட்டுட்டா மச்சானக் கூப்புடப் போறது? பொறத்தால பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"அவரு முன்னாடிதானே நிக்கறாருங்க."

"நான் திரும்பி வரோணுமல்ல?"

வேட்டி தேடினோம். அவருடையது ரத்தக்கறையோடு வண்ணானுக்குப் போயிருந்தது. கல்பாத்திக்காரர் தன் பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாத ஒன்றை எடுத்து நீட்டினார். "கரை போட்டதாக்கும். கறை படாம பாத்துக்கோ." குழாயின் மேல் இறுக்காமல் தளர்வாகச் சுற்றினேன். சிஸ்டர் தலையணையை நீட்டினார், அதை வாங்கவில்லை. தோளுக்குத் துண்டு கேட்டார். ஆஸ்பத்திரித் துவாலையைப் போட்டோம். தலையை வாரிவிடச் சொன்னார், வாரினேன். இத்தனையும் ஆவதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது.

பிறகு நடந்தார்.

அதை நடை என்று சொல்ல முடியாது. ஒரு பாதத்தைத் தேய்த்து முன்னால் வைப்பார், அடுத்ததை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பார், நிற்பார். நான் ஒரு கையில் பாட்டிலும் ஒரு கையில் குளுக்கோஸ் கம்பியுமாகக் கூடவே நகர்ந்தேன். கம்பியின் சக்கரம் ஒன்று சுற்றாது, அதைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். சிஸ்டர் அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். கல்பாத்திக்காரரின் கட்டில் வந்தது, போனது. அடுத்த கட்டில் வந்தது. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "பந்தல்காலு எத்தன தூரத்துல நட்டிருக்காங்க பாரு" என்றார். காய்ச்சலில் பேசுகிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று தெரியவில்லை.

கதவுக்கு வந்துவிட்டோம். சிஸ்டர் திறந்தார். வெளியே மச்சான் நின்ற இடத்தில் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் நிலைப்படி.

மூக்கில் குழாயோடு, அடுத்தவர் வேட்டியில், நாடி தளர்ந்து நின்ற மனிதரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆனாலும் காத்திருந்தார்.

விவசாயி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நடந்து வந்ததில் மூச்சு எல்லாம் செலவாகிவிட்டது. உதடு அசைந்தது, தொண்டையில் ஏதோ கரகரத்தது. கடைசியில் அவரால் முடிந்தது ஒன்றுதான். தலையை ஆட்டினார்.

பெஞ்சிலிருந்து அந்த அம்மா எழுந்துவிட்டார்.

மச்சான் இளநீர்க் குலையைக் கை மாற்றிப் பிடித்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கும் இதேதான் ஆட்டுனீங்க, மாப்பிள."

விவசாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நெஞ்சுக்குப் போய் இருமலாக மாறியது. அந்த இருமலை அவர் ஒன்றரை நாளாக உள்ளே அடக்கி வைத்திருந்தார், இப்போது அது அவரைக் கேட்கவில்லை. உடம்பு முன்னால் வளைந்தது. என் இரண்டு கையிலும் சாமான். சிஸ்டர் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"வயித்த அமுக்கிப் பிடிங்க" என்று கத்தினேன், குறிப்பாக யாரிடம் என்று இல்லாமல்.

மச்சான் இளநீர்க் குலையைக் கீழே போட்டார். தோளில் இருந்த துண்டை உருட்டி, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கையை நீட்டி, விவசாயியின் வயிற்றில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். கால் இரண்டும் வெளியே, கை இரண்டும் உள்ளே. உடம்பு வில் மாதிரி வளைந்திருந்தது. அந்த நிலையிலும் படியைத் தாண்டவில்லை. "இருமுங்க மாப்பிள, நல்லா இருமுங்க" என்றார்.

இருமினார். பெஞ்சடியில் இருந்த எச்சில் பாத்திரத்தை அந்த அம்மா எடுத்து நீட்ட, உள்ளே கட்டியிருந்ததெல்லாம் பச்சையாக வந்து விழுந்தது. அப்படி ஒரு சளியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வந்து முடிந்ததும் ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தார். அந்த மூச்சில் கஞ்சிச் சத்தம் பாதிதான் இருந்தது.

"வாங்க மச்சான்" என்றார். தெளிவாகக் கேட்டது. "உள்ள வாங்க."

"வந்துட்டேன்" என்று மச்சான் வலது காலைத் தூக்கி வைத்தார். முதல் காரியமாக என் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

கூப்பிட்டவர் விருந்தாளியைக் கூட்டிப்போய் உட்காரவைக்க வேண்டும். ஆகவே ஜன்னல்வரை திரும்பி நடந்தார். விருந்தாளி கிளம்பும்போது வாசல்வரை வந்து வழியனுப்ப வேண்டும். ஆகவே மதியம் மறுபடியும் நடந்தார். சர்ஜன் வந்து நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார், பாத்திரத்தையும் பார்த்தார், அதை ஒரு பூச்செண்டு மாதிரி பார்த்தார். பிறகு மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, "தாங்கள் தினமும் காலையும் சாயங்காலமும் வரணும்" என்றார்.

"கூப்புட்டா வருவனுங்க" என்றார் மச்சான்.

சித்தூரில் ஒரு சத்திரத்தில் தங்கிக்கொண்டு அப்படியே வந்தார். ஒவ்வொரு தடவையும் நிலைப்படிக்கு வெளியே நிற்பார். ஜன்னல் கட்டிலிலிருந்து, "நேத்துத்தானுங்க கூப்புட்டேன்" என்று குரல் வரும். "அது நேத்தைக்கு" என்று இவர் பதில் சொல்வார். காய்ச்சல் இறங்கியது, குழாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. கல்பாத்திக்காரர் தன் வேட்டியைக் கறையில்லாமல் திரும்பப் பெற்று, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

போகும்போது விவசாயி என்னிடம், "மலைக்காரா, ஊட்டுக்கு ஒருநாள் வா. அடுத்த நோம்பிக்கு வந்துரு" என்றார்.

நோம்பி என்றால் திருவிழா. அதற்கு முன்பே நான் அந்த வேலையை விட்டிருந்தேன். காரணம் எதுவுமில்லை, ஒரே இடத்தில் இருந்தால் எனக்குக் கால் கடுக்கும். மறுபடியும் ஒரு லாரியில் கோவிந்தாபுரம் பக்கம் போனபோது இறங்கி அவர் வீட்டை விசாரித்துப் போனேன். தோப்பு வழியாக வந்ததால் மாட்டுக் கொட்டகைப் பக்கமாகப் புகுந்து, சமையலறை வழியே நடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே விவசாயியும் மச்சானும் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா பரிமாறிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் விவசாயியின் கை பாதியில் நின்றது.

"நீ எப்படி வந்த?"

"பின்னாடி வழியாங்கய்யா."

"பின்னாடி வந்தா நான் எப்படி வாங்க சொல்றது? போ, போய் வாசல்ல நில்லு."

"பரவாயில்லீங்கய்யா."

"பரவாயில்லீன்னு ஒருத்தர உட்டுத்தான் இத்தன வருசம் போச்சு." மச்சானைக் கையால் காட்டினார். மச்சான் இட்லியைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

வந்த வழியே வெளியே போய், கொட்டகையைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து நின்றேன். அவர் வாயைக் கொப்பளித்துத் துப்புகிற சத்தம் உள்ளிருந்து கேட்டது. பிறகு வந்தார். முற்றத்தோடு சேர்ந்த பெரிய வாசல் அது, ஆஸ்பத்திரியின் அந்த அறையைப்போல மூன்று மடங்கு இருக்கும். வயிற்றில் கை வைக்காமல், எதையும் பிடிக்காமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே விறுவிறுவென்று நடந்து வந்தார்.

"வாங்க" என்றார்.